கான்பூர் வானத்தை இருபது ஆண்டுகளாகப் படிப்பது எப்படி? ஏரோசால் நீள்காலத் தரவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காற்றில் மிதக்கும் நுண்துகள்களை ஏரோசால் என்கிறோம். தூசு, புகை, சல்பேட், கடல் உப்பு எல்லாம் இதில் அடக்கம். பசுங்குடில் வாயுக்கள் பூமியைச் சூடாக்கிக்கொண்டிருக்க, இந்தத் துகள்கள் அந்தச் சூட்டில் ஒரு பங்கை நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைத்திருக்கின்றன. எவ்வளவு மறைத்திருக்கின்றன என்பதுதான் காலநிலை அறிவியலில் இன்னும் இழுபறியாக இருக்கும் கேள்வி. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டறிக்கையைப் பாருங்கள். 1750 முதல் 2019 வரை கார்பன் டை ஆக்சைடு சேர்த்த கூடுதல் ஆற்றல் சதுர மீட்டருக்கு 2.16 வாட். ஏரோசால் குறைத்த ஆற்றல் சுமார் 1.1 வாட். ஆனால் இந்த இரண்டாவது எண் 0.4 ஆகவும் இருக்கலாம், 1.7 ஆகவும் இருக்கலாம் என்கிறது அதே அறிக்கை. நான்கு மடங்கு இடைவெளி!

காரணம் எளிது. கார்பன் டை ஆக்சைடு உலகம் முழுக்கக் கலந்துவிடும். ஹவாயின் மௌனா லோவா மலையில் அளந்தாலே உலகத்தின் போக்கு தெரிந்துவிடும். ஏரோசாலின் ஆயுளோ ஏறத்தாழ ஒரு வாரம். கான்பூர் புகை திருவனந்தபுரத்துக்கு வந்து சேருமுன் மழையில் கரைந்துவிடலாம். ஆகவே இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு, விடாமல் அளந்தாக வேண்டும். அப்படி அளந்த தரவுகளில் இந்தியாவில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் மிக நீண்ட தொடர்களில் ஒன்று, ஐ.ஐ.டி. கான்பூரில் 2001 ஜனவரி முதல் நடந்துவரும் ஏரோநெட் (நாசா முன்னின்று நடத்தும் உலகளாவிய தரைநிலைய வலையமைப்பு) நிலையத்தின் தரவு. இந்த வழிகாட்டி அதை வைத்துத்தான் போகிறது. இயற்பியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ படிக்கும் முதுகலை மாணவர், பைத்தானிலோ ஆர் மொழியிலோ ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர், யாராக இருந்தாலும் இதைப் பின்பற்றலாம்.

1. எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு

அடிப்படை அளவு ஒளியியல் தடிமன். ஆய்வாளர்கள் பேச்சில் ஏ.ஓ.டி. சூரியனிலிருந்து நேராக வரும் கதிரில் எவ்வளவு பங்கை வளிமண்டலத் துகள்கள் சிதறடித்தோ விழுங்கியோ விலக்குகின்றன என்பதன் அளவு அது. சூரியன் உச்சியில் இருக்கும்போது ஏ.ஓ.டி. 0.1 என்றால் நேர்கதிரில் சுமார் 90 சதவீதம் தரைக்கு வரும். 0.5 என்றால் 61 சதவீதம். 1 என்றால் 37 சதவீதம். கான்பூரில் ஆண்டுச் சராசரி 0.6ஐ ஒட்டி இருக்கும். சுத்தமான கடல்நடுத் தீவுகளில் 0.1க்கும் கீழே.

இங்கே பலர் இடறுகிறார்கள். ஏ.ஓ.டி. 0.5 என்றால் 40 சதவீத வெயில் போய்விட்டது என்று பொருள் இல்லை. நேர்கதிரிலிருந்து விலகிய ஒளியில் பெரும்பகுதி முன்னோக்கியே சிதறி, வானமெங்கும் பரவிய வெளிச்சமாகத் தரைக்கு வந்துசேரும். விண்வெளிக்குத் திரும்பிப்போனதும் துகள்களே விழுங்கியதும்தான் உண்மையான இழப்பு. காலநிலைக் கணக்கு அந்த இழப்பைப் பற்றியது. கடைசிப் பகுதியில் அதற்கு வருவோம்.

இன்னொரு குழப்பம் பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத துகள்களின் அளவு) பற்றியது. அது மூக்கருகே இருக்கும் காற்றின் அளவு, ஏ.ஓ.டி. தரை முதல் வான உச்சி வரை உள்ள முழுத் தூணின் அளவு. குளிர்காலத்தில் கங்கைச் சமவெளியில் கலவை அடுக்கு தாழ்ந்து போவதால் புகை முழுவதும் தரையோடு அமுங்கிக் கிடக்கும், அப்போது பி.எம். எகிறும். மே மாதத்தில் தூசு பல கிலோமீட்டர் உயரம் வரை எழும்பும். தரையில் அளவு அவ்வளவு இல்லாமலேயே ஏ.ஓ.டி. உயர்ந்து நிற்கும். ஒன்றின் போக்கை வைத்து மற்றதன் போக்கைச் சொல்லக் கூடாது. செய்தித்தாள்களில் இந்தத் தவறு அடிக்கடி வருகிறது.

2. மொட்டைமாடியில் இருக்கும் கருவியைப் புரிந்துகொள்ளுங்கள்

தரவை இறக்கியதும் நேராக வரைபடம் போட உட்கார வேண்டாம். கருவி என்ன செய்கிறது என்று தெரியாமல் எண்களைத் தொட்டால் பிழையும் இயற்கையும் ஒன்றாகவே தெரியும்.

ஏரோநெட் பயன்படுத்துவது பிரான்சின் சிமெல் நிறுவனத்தின் சூரிய ஒளிமானி. இரண்டு அச்சில் திரும்பும் ஒரு தலை. அதில் நீளமான குழாய். குழாயின் பார்வைக் கோணம் ஏறத்தாழ 1.2 பாகை. காலையில் விழித்து, நாள், நேரம், இடம் ஆகியவற்றிலிருந்து சூரியன் எங்கே என்று கணக்கிட்டுத் திரும்பும். பிறகு நான்கு பகுதியாகப் பிரிந்த ஓர் உணரி வழியாக நுணுக்கமாகக் குறிபார்க்கும். உள்ளே ஃபில்டர் சக்கரம் சுழன்று 340, 380, 440, 500, 675, 870, 1020 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளியை அளக்கும். 940 நானோமீட்டர் நீராவிக்கு. இதை அரை நிமிட இடைவெளியில் மூன்று முறை செய்யும். மழை ஈரத்தை உணர்ந்தால் குழாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துக்கொண்டு காத்திருக்கும்.

அளந்த மின்னழுத்தத்தை ஏ.ஓ.டி.யாக மாற்ற ஓர் எண் தேவை: வளிமண்டலமே இல்லாவிட்டால் இந்தக் கருவி சூரியனைப் பார்த்து எவ்வளவு மின்னழுத்தம் காட்டும்? அதைத் தொடக்க மின்னழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அதன் மடக்கையிலிருந்து அளந்ததன் மடக்கையைக் கழித்து, கதிர் கடந்த காற்றுப்பாதையின் நீளத்தால் வகுத்தால் மொத்த ஒளியியல் தடிமன். சூரியன் உச்சியில் இருந்தால் காற்றுப்பாதை 1. உச்சியிலிருந்து 60 பாகை சாய்ந்திருந்தால் 2. மொத்தத்திலிருந்து காற்று மூலக்கூறுகளின் சிதறலையும் ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களின் பங்கையும் கழித்தால் மீதி ஏரோசால். மூலக்கூறுச் சிதறல் சின்ன விஷயமல்ல: கடல்மட்டத்தில் 500 நானோமீட்டரில் அதுவே 0.14. அதனால்தான் காற்றழுத்தமும் கணக்கில் சேர்கிறது.

3. காலிபரேஷன்: தொடரின் உயிர் இங்கே இருக்கிறது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள்.

காலிபரேஷன் என்பது கருவியின் தொடக்க மின்னழுத்தத்தைச் சரியாக நிர்ணயிப்பது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வளிமண்டலத்துக்கு வெளியே கருவியைக் கொண்டுபோக முடியாது. பதிலாக, காற்று மிகத் தெளிவாகவும் அசையாமலும் இருக்கும் உயர்ந்த மலைக்குக் கொண்டுபோகிறார்கள். 3,397 மீட்டர் உயரத்திலுள்ள மௌனா லோவா ஆய்வகமும், கானரித் தீவுகளின் இசானாவும் அப்படிப்பட்ட இடங்கள். காலையில் சூரியன் ஏற ஏறக் காற்றுப்பாதை 5லிருந்து 2 வரை குறையும். மின்னழுத்தத்தின் மடக்கையைக் காற்றுப்பாதைக்கு எதிராகப் புள்ளி வைத்தால் நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டைக் காற்றுப்பாதை சுழியம் வரை நீட்டினால் தொடக்க மின்னழுத்தம். இதுவே லாங்லி முறை. கான்பூர் மாதிரி இடத்தில் இதைச் செய்ய முடியாது; காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையிலேயே புகையின் அளவு மாறிவிடும். அதனால் மலையில் திருத்திய மூலக் கருவிகளை மேரிலாந்தில் உள்ள நாசா கோடார்டு மையத்தில் வைத்து, களக் கருவிகளை அங்கே வரவழைத்துப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுகிறார்கள்.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். தொடக்க மின்னழுத்தத்தில் 2 சதவீதப் பிழை இருந்தால், ஏ.ஓ.டி.யில் வரும் பிழை 0.02ஐக் காற்றுப்பாதையால் வகுத்தது. நண்பகலில் ஏறத்தாழ 0.02, காற்றுப்பாதை 2 ஆக இருக்கும்போது 0.01. கான்பூரின் 0.6க்கு முன்னால் 0.02 ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் நாம் தேடுவது ஆண்டுக்கு 0.005 அளவிலான மாற்றத்தை. ஒரே ஒரு 2 சதவீதப் பிழை நான்கு ஆண்டு மாற்றத்தை விழுங்கிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, பிழையின் திசை. ஃபில்டர்கள் வயதாக ஆக மங்கும். கருவி குறைவான மின்னழுத்தம் காட்டும். பழைய தொடக்க மின்னழுத்தத்தையே வைத்துக் கணக்கிட்டால் குறைந்த ஒளிக்குக் காரணம் கூடுதல் ஏரோசால் என்று கணக்கு சொல்லும். ஆண்டுதோறும் காற்று கெட்டுக்கொண்டே போவதுபோல் ஒரு பொய்யான ஏறுமுகம். சூழல் அக்கறை உள்ளவருக்கு அது நம்பத் தோன்றும் முடிவாகவும் இருக்கும். அதனால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. காலிபரேஷன் பிழை காற்றுப்பாதையால் வகுபடுவதால் நண்பகலில் பெரிதாகவும் காலை மாலைகளில் சிறிதாகவும் இருக்கும். காற்று தெளிவாக இருக்கும் சில நாட்களைத் தேர்ந்தெடுத்து, நேரத்துக்கு எதிராக ஏ.ஓ.டி.யை வரையுங்கள். நாள் தவறாமல் நண்பகலில் ஒரே மாதிரி புடைப்போ குழிவோ தெரிந்தால், அதுவும் ஓர் அலைநீளத்தில் மட்டும் தெரிந்தால், அது வானத்தின் குணமல்ல, அந்த ஃபில்டரின் குணம். குழாய்க்குள் சிலந்தி வலை கட்டினாலும் பூச்சி அடைந்தாலும் இதே போன்ற தடங்கள் வரும். நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் வாரம் ஒருமுறை குழாயைக் கழற்றி ஊதித் துடைப்பது எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வராத வேலை. அந்த வேலையின் மேல்தான் இருபது ஆண்டுத் தொடரே நிற்கிறது.

4. சரியான தரவை இறக்குங்கள்

ஏரோநெட் இணையதளத்தில் கான்பூர் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாம் பதிப்பை எடுங்கள். பழைய கட்டுரைகள் இரண்டாம் பதிப்பில் செய்தவை, இரண்டையும் கலக்க வேண்டாம். தர நிலைகள் மூன்று: 1.0 என்பது மேகம் நீக்காதது, 1.5 மேகம் நீக்கித் தானியங்கிச் சோதனை முடிந்தது, 2.0 கருவி களத்திலிருந்து திரும்பிவந்து மறு காலிபரேஷன் ஆன பிறகு உறுதியானது. நீள்காலப் போக்குக்கு 2.0 மட்டுமே. கருவி திரும்பிவரும் வரை அண்மை மாதங்களுக்கு 2.0 இருக்காது. அந்த இடைவெளியை 1.5 கொண்டு நிரப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். தொடரின் கடைசி முனைதான் சாய்வை அதிகம் இழுக்கும் இடம். அங்கே திருத்தப்படாத எண்களைச் சேர்ப்பது மற்ற எங்கும் சேர்ப்பதைவிட மோசம்.

தயாரான மாதச் சராசரிகள் அங்கேயே கிடைக்கும். ஆனாலும் தனித்தனி அளவீடுகள் அடங்கிய முழுக் கோப்பையே இறக்கச் சொல்வேன். கோப்பில் நேரம் கிரீன்விச் நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டுங்கள். இல்லாத அளவுகளுக்கு −999 என்று நிரப்பியிருப்பார்கள். அதை வெற்றிடமாக மாற்றாமல் சராசரி எடுத்தால் எல்லாமே பாழ். தரவை இறக்கிய தேதியையும் பதிப்பையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரையாக வெளியிடும் எண்ணமிருந்தால் நிலையப் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே எழுதுவது இந்தத் துறையின் நடைமுறை.

5. மேகமும் வெற்றிடமும்

மூன்று அடுத்தடுத்த அளவீடுகள் எதற்கு என்றால் மேகத்தைப் பிடிக்கத்தான். மேகம் ஒரு நிமிடத்தில் மாறும், ஏரோசால் பெரும்பாலும் மாறாது. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவீடு கழிக்கப்படும். இது இரண்டு இடங்களில் ஏமாற்றும். மெல்லிய கீற்று மேகம் நிமிடக் கணக்கில் மாறாது. நழுவி உள்ளே வந்துவிடும். நெருப்புப் புகையோ வேகமாக மாறும், மேகமென்று தூக்கியெறியப்படும். மூன்றாம் பதிப்பில் சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தின் வடிவத்தையும் பார்த்து இரண்டு குறையையும் வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள்.

ஆனால் எந்தப் பதிப்பாலும் தீர்க்க முடியாத ஒன்று உண்டு. சூரியன் தெரிந்தால்தான் அளவீடு. ஜூலை, ஆகஸ்டில் கான்பூரில் மிகச் சில நாட்களே கிடைக்கும்; டிசம்பர், ஜனவரியில் மூடுபனி காலைகளைத் தின்றுவிடும். அடர்ந்த மூடுபனியில் ஏரோசால் எப்படி இருந்தது என்று இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. ஆகவே நீங்கள் காணப்போவது தெளிந்த வானத்தின் போக்கு. கட்டுரையில் அப்படியே எழுதுங்கள்.

சராசரி எடுப்பதற்கு நான் பரிந்துரைக்கும் விதி: ஒரு நாளில் குறைந்தது மூன்று அளவீடு, ஒரு மாதத்தில் குறைந்தது ஐந்து நாள். இதற்குக் கீழே போனால் அந்த மாதத்தை வெற்றிடமாகவே விடுங்கள். முதலில் நாள் சராசரி, பிறகு அவற்றிலிருந்து மாத மதிப்பு. நேராக எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் தெளிந்த நாட்கள் அதிக அளவீடுகளோடு வந்து மாதத்தையே தம் பக்கம் இழுத்துவிடும். ஏ.ஓ.டி.யின் பரவல் மணி வடிவத்தில் இருக்காது, வலப்பக்கம் நீண்ட வால் இருக்கும். ஒரு தூசுப் புயல் மொத்த மே மாதத்தையும் தூக்கிவிடும். அதனால் கூட்டுச் சராசரிக்குப் பதில் பெருக்குச் சராசரியோ இடைநிலை மதிப்போ எடுப்பது நல்லது.

6. தூசா, புகையா?

ஒரே ஏ.ஓ.டி. மே மாதத்தில் தார்ப் பாலைவனத் தூசாகவும் நவம்பரில் வைக்கோல் புகையாகவும் இருக்கலாம். இரண்டின் காலநிலை விளைவும் வேறு. பிரித்தறிய ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரம் 1929இல் தந்த எளிய அடுக்கெண் இன்றும் கைகொடுக்கிறது. சிறு துகள்கள் குறுகிய அலைநீளத்தை அதிகம் சிதறடிக்கும். பெரிய துகள்கள் எல்லா அலைநீளத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும்.

கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 440 நானோமீட்டரில் ஏ.ஓ.டி. 0.80, 870இல் 0.35 என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் விகிதத்தின் இயல் மடக்கை 0.827. அலைநீள விகிதத்தின் மடக்கை 0.682. வகுத்தால் 1.21. இது சிறு துகள், அதாவது புகையும் நகர மாசும். இன்னொரு நாள் 440இல் அதே 0.80, 870இல் 0.70 என்றால் அடுக்கெண் 0.2 மட்டுமே. அது தூசு. கான்பூரில் குளிர்காலத்தில் அடுக்கெண் 1க்கு மேலும், ஏப்ரல் முதல் ஜூன் வரை வெகுவாகத் தாழ்ந்தும் இருப்பதை உங்கள் வரைபடத்தில் நீங்களே காண்பீர்கள். ஏ.ஓ.டி. மிகக் குறைவான நாட்களில் மட்டும் இந்த எண்ணை நம்பாதீர்கள்; 0.01 பிழையே அதைத் தாறுமாறாக ஆட்டிவிடும்.

இந்த அடுக்கெண்ணுக்கு இன்னொரு பயன் உண்டு. செயற்கைக்கோள்கள் 550 நானோமீட்டரில் ஏ.ஓ.டி. தருகின்றன, கான்பூர் கருவியில் 550 கிடையாது. 500இல் 0.70, அடுக்கெண் 1.2 என்றால் 550இல் 0.62. இந்த மாற்றத்தைச் செய்யாமல் நேராக ஒப்பிட்டால் 0.08 அளவுக்கு இல்லாத வேறுபாடு முளைத்துவிடும்.

7. போக்கைக் கணக்கிடும் முன், எத்தனை ஆண்டு வேண்டும் என்று கேளுங்கள்

பத்து ஆண்டுத் தரவில் ஒரு நேர்கோடு போட்டு, ஏறுகிறது இறங்குகிறது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 1998இல் எலிசபெத் வெதர்ஹெட் குழுவினர் ஒரு சூத்திரம் தந்தார்கள். பருவ ஏற்ற இறக்கத்தை நீக்கிய மாதத் தொடரின் திட்ட விலக்கத்தை 3.3ஆல் பெருக்கி, எதிர்பார்க்கும் ஆண்டு மாற்றத்தால் வகுக்க வேண்டும். ஒரு மாதம் அடுத்த மாதத்தைச் சார்ந்திருக்கும் தன்தொடர்புக்காக ஒரு திருத்தம்: ஒன்றோடு தன்தொடர்பைக் கூட்டியதை, ஒன்றிலிருந்து அதைக் கழித்ததால் வகுத்து, வர்க்கமூலம். அதையும் பெருக்கி, கிடைத்ததை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தினால் தேவையான ஆண்டுகள்.

உதாரணமாக, திட்ட விலக்கம் 0.12, தன்தொடர்பு 0.2, ஆண்டு மாற்றம் 0.005 என்று எடுத்துக்கொண்டால் 21 ஆண்டுகள் வருகிறது. மாற்றம் இருமடங்காக, 0.01 ஆக இருந்தாலும் 13 ஆண்டுகள். ஒரு முனைவர் பட்டக் காலமோ, ஒரு திட்ட நிதிக் காலமோ இதற்குப் போதாது. நிதி நின்றதென்று நடுவில் ஈராண்டு கருவியை அணைத்துவைத்தால் இழப்பது அந்த ஈராண்டை மட்டுமல்ல. முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளின் பலமும் குறைகிறது. நீள்காலக் கண்காணிப்புக்குப் பணம் கேட்கப் போகும்போது இந்தக் கணக்கைக் கையோடு எடுத்துப்போகலாம்.

இனி செய்முறை. ஒவ்வொரு மாதத்துக்கும் பல ஆண்டுச் சராசரி எடுத்து, அதைக் கழித்துப் பருவச் சுழற்சியை நீக்குங்கள். மீதியில் சென் சாய்வை (புள்ளிகளை இரண்டிரண்டாக எடுத்துக் கண்ட சாய்வுகளின் இடைநிலை மதிப்பு) கணக்கிடுங்கள். மான்–கெண்டல் சோதனையால் அது தற்செயலா என்று பாருங்கள். இரண்டுமே ஓரிரு பெரும் தூசுப் புயல்களால் அசையாதவை. தன்தொடர்புக்கான திருத்தத்தை விட்டுவிட்டால் சோதனை தேவைக்கு மேல் நம்பிக்கை கொடுக்கும்.

பிறகு பருவவாரியாகப் பிரித்து அதையே மறுபடி செய்யுங்கள். இது கட்டாயம். கான்பூரைப் பொறுத்தவரை மொத்த ஆண்டுச் சாய்வு பாதிக் கதையைக்கூடச் சொல்வதில்லை. முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளை அலசிய ஆய்வுகளில், மழைக்காலத்துக்குப் பிந்தைய மாதங்களும் குளிர்காலமும் ஏறுமுகம் காட்டின. அதேசமயம் கோடைத் தூசு குறைந்தது. ஒன்றை ஒன்று ஈடுகட்டி, மொத்தத்தில் மாற்றமே இல்லாததுபோல் தெரியும். மனிதர் கைவேலை ஒருபக்கம் கூடிக்கொண்டே போக, சராசரி அதை மூடிவிடுகிறது.

இந்தியா முழுவதற்கும் ஒப்பிட இஸ்ரோவின் ஆர்ஃபிநெட் வலையமைப்பின் முடிவுகளைப் படியுங்கள். திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் 1980களிலேயே பல்லலைநீளக் கதிர்வீச்சுமானிகளைக் கொண்டு தொடங்கிய முயற்சி அது. கே. கிருஷ்ணமூர்த்தி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டின் ஏ.ஓ.டி. 1985ஆம் ஆண்டு மதிப்பில் ஆண்டுக்கு 2.3 சதவீதம் என்ற வேகத்தில் ஏறியது. கடைசிப் பத்தாண்டில் வேகம் ஏறத்தாழ 4 சதவீதம். அவ்வளவு நீண்ட தொடரில் 1991 ஜூனில் வெடித்த பினட்டூபோ எரிமலையும் அடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். 1.5 கோடி டன்னுக்குக் குறையாத கந்தக டை ஆக்சைடை அது அடுக்குமண்டலத்தில் ஏற்றியது. உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் இறங்கியது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளைத் தனியே குறித்து நீக்காமல் சாய்வு எடுக்கக் கூடாது. கான்பூர் தொடருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

8. உங்கள் தொடரைச் சோதிக்க 2020

2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியது. வாகனம், தொழிற்சாலை, கட்டுமானம் எல்லாம் ஒரே நாளில் நின்றன. ஏப்ரல் தொடக்கத்தில் வட இந்தியாவின் ஏரோசால் அளவு, அந்தப் பருவத்துக்கு இருபது ஆண்டுகளில் காணாத தாழ்நிலைக்கு இறங்கியதாக நாசா தன் மோடிஸ் செயற்கைக்கோள் கருவியின் தரவிலிருந்து அறிவித்தது. தென்னிந்தியாவில் அந்த அளவு இறக்கம் இல்லை. உங்கள் தொடரில் அந்த வாரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறு துகள்களின் பங்கு இறங்கியதா? அடுக்கெண் எப்படி நகர்ந்தது? ஊரடங்குக்குச் சற்றுமுன் பெய்த மழைக்கும் ஒரு பங்கு உண்டா? ஒரு நிகழ்வைக் காரணங்காட்டும் முன் வானிலைப் பதிவைத் திறந்து பார்க்கும் பழக்கம் இங்கேதான் கைவரும்.

செயற்கைக்கோளோடு ஒப்பிடவும் இதுவே நல்ல இடம். மோடிஸ் கருவி டெர்ரா செயற்கைக்கோளில் 1999 டிசம்பரிலும் அக்வா செயற்கைக்கோளில் 2002 மேயிலும் ஏவப்பட்டது. தரைமேல் அதன் எதிர்பார்க்கப்படும் பிழை 0.05, கூடவே ஏ.ஓ.டி.யில் 15 சதவீதம். கான்பூரின் 0.6க்கு அது 0.14 ஆகிறது, சிமெல் கருவியின் பிழையோ 0.01 முதல் 0.02. செயற்கைக்கோள் பரப்பைத் தரும், தரைக்கருவி துல்லியத்தைத் தரும். டெர்ராவின் உணரி வயதானதால் பழைய தொகுப்பில் பொய்யான போக்கு நுழைந்து, பின்னர் ஆறாம் தொகுப்பில் திருத்தப்பட்டது. அதைக் காட்டிக்கொடுத்தவற்றுள் தரை நிலையங்களும் உண்டு.

9. ஏ.ஓ.டி.யிலிருந்து காலநிலைக்கு

துகள் ஒளியைச் சிதறடிக்கிறதா, விழுங்குகிறதா என்பதே இங்கே முதல் கேள்வி. சிதறலின் பங்கை ஒற்றைச் சிதறல் எதிரொளிவு என்ற எண் சொல்லும். 1 என்றால் முழுக்கச் சிதறல். சல்பேட் அதற்கு அருகில். புகைக்கரியான கருங்கார்பன் வெகு கீழே. 0.95 உள்ள புகைமூட்டம் கருநீலக் கடலின் மேல் இருந்தால் பூமியைக் குளிர்விக்கும். 0.85 உள்ளது வெண்பனிமேலோ பிரகாசமான மேகத்துக்கு மேலோ இருந்தால் சூடாக்கும். துகள் மட்டும் போதாது, அடியில் என்ன இருக்கிறது என்பதும் வேண்டும்.

ஏரோநெட் இந்த எண்ணையும் தருகிறது. கருவி சூரியனை விட்டு விலகி வானத்தை வட்டமாக வருடி அளந்ததிலிருந்து கணக்கிடுவது. 2.0 நிலையில் இது கிடைக்க 440 நானோமீட்டரில் ஏ.ஓ.டி. 0.4ஆவது இருக்க வேண்டும், சூரியன் உச்சியிலிருந்து 50 பாகைக்கு மேல் சாய்ந்திருக்க வேண்டும். சுத்தமான ஊர்களில் இந்த நிபந்தனை அரிதாகவே நிறைவேறும். கான்பூரில் தாராளமாக நிறைவேறும். பிழை சுமார் 0.03. சிறியதாகத் தெரிந்தாலும் குளிர்ச்சியா சூடா என்பதையே மாற்றக்கூடிய அளவு அது.

ஏ.ஓ.டி., எதிரொளிவு, தரையின் பிரதிபலிப்பு மூன்றையும் ஒரு கதிர்வீச்சுப் பரிமாற்ற நிரலுக்கு (வளிமண்டலம் வழியே ஒளி எப்படிச் செல்கிறது என்று கணக்கிடும் நிரல்) கொடுங்கள். ஏரோசாலோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டி, வித்தியாசத்தை மூன்று இடங்களில் பாருங்கள்: வளிமண்டல உச்சி, தரை, இடையே உள்ள காற்று. இந்த மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று உலகுக்கு உணர்த்தியது நம் கடற்பரப்பில் நடந்த ஆய்வுதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதனும் பால் க்ருட்சனும் தலைமை தாங்கிய இந்தோஎக்ஸ் திட்டம், 1999இல் கப்பல்களையும் விமானங்களையும் மாலத்தீவின் காஷிதூ நிலையத்தையும் கொண்டு இந்தியப் பெருங்கடலின் புகைமூட்டத்தை அளந்தது. சதீஷும் ராமநாதனும் காட்டியபடி, தரையில் குறைந்த ஆற்றல் வளிமண்டல உச்சியில் குறைந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மீதி எங்கே போனது? புகைமூட்டத்தின் கருங்கார்பன் விழுங்கிக் காற்றையே சூடாக்கியது. உச்சியின் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் விளைவு லேசானது என்றே முடிவுகட்டியிருப்போம். கடல் குளிர்ந்து, மேலே காற்று சூடாகி, ஆவியாதல் குறைந்து, பருவமழையே பலவீனப்படக்கூடும் என்ற அக்கறை அங்கிருந்துதான் கிளம்பியது.

மேகத்தின் வழியாக நடக்கும் விளைவை மட்டும் ஒரு நிலையத் தரவால் கணக்கிட முடியாது. துகள்கள் கூடினால் அதே நீர் அதிகமான, சிறிய துளிகளாகப் பிரிந்து மேகம் வெளுக்கும் என்று 1970களில் ஷான் டூமி காட்டினார். ஐ.பி.சி.சி. கணக்கில் ஏரோசால் குளிர்ச்சியின் பெரும்பங்கும் இதுதான். நிச்சயமின்மையின் பெரும்பங்கும் இதுதான். 2020இல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக இறங்கியதும் கடல் மேகங்களில் கப்பல் தடங்கள் (கப்பல் புகையால் வெளுத்த மேகக் கோடுகள்) மெலிந்தன. காற்று சுத்தமாவது மக்கள் உயிருக்கு நல்லது. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் மறைந்திருந்த சூடு வெளியே வரும் வேகம், சல்பேட்டும் கருங்கார்பனும் எந்த விகிதத்தில் குறைகின்றன என்பதைப் பொறுத்தது. கங்கைச் சமவெளிக்கு அந்த விகிதத்தைச் சொல்ல ஒற்றைச் சிதறல் எதிரொளிவின் நீள்காலத் தொடர் வேண்டும்.

கான்பூரை முடித்ததும் இதே நிரலை ஜெய்ப்பூர், புணே நிலையத் தரவுகள்மேல் ஓட்டுங்கள். ஜெய்ப்பூர் தூசின் வாசலில் இருக்கிறது, புணே தக்காணத்தில். மூன்றிலும் ஒரே திசையில் தெரியும் மாற்றத்தைத்தான் வட்டாரத்தின் மாற்றமாக எழுதலாம். ஒன்றில் மட்டும் தெரிந்தால், எழுதுவதற்கு முன் அந்த நிலையத்தின் காலிபரேஷன் தேதிகளோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.